ஐசியூ வாசலில் ஒரு எலுமிச்சம்பழம்

நைட் டியூட்டியில் ஐசியூ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், காலில் முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் எலுமிச்சம்பழமாகத்தான் இருக்கும். குங்குமம் தடவியது, நாலாகப் பிளந்தது, முழுசாக உருட்டிவிட்டது என்று விதவிதமாகப் பார்த்திருக்கிறேன். சுவரோரம் பாய் விரித்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள். ஒருத்தர் விரலில் ஜெபமாலை உருண்டுகொண்டிருக்கும். இன்னொருத்தர் துண்டை விரித்துத் தொழுதுகொண்டிருப்பார். அரசு மருத்துவமனைகளில் 27 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். அதில் 16 வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கையே மூச்சாக இருக்கும் மனிதர்களுக்கு நடுவில் அப்படி ஒருத்தி எப்படி வேலை பார்த்தேன், என்ன கற்றுக்கொண்டேன் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

என் தம்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1984, ஐப்பசி மழை. அவனுக்கு 6 வயசு, எனக்கு 11. மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் வலிப்பு, கழுத்து விறைத்துப்போனது. அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து அவன் கையில் கட்டினாள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மழையில் பஸ் ஊர்ந்துதான் போனது. வழியெல்லாம் நானும் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். மறுநாள் ராத்திரி அவன் போய்விட்டான்.

அதற்கு முந்தின வருடம் தீ மிதிப்பதாக அம்மா வேண்டிக்கொண்டு, கடைசி நேரத்தில் உடம்புக்கு முடியாமல் விட்டிருந்தாள். "கொறை வச்சேன், அதான் ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அடுத்த வருடம் தீ மிதித்தாள். அதற்கடுத்த வருடமும் மிதித்தாள். நானும் கும்பிடுவதை நிறுத்தவில்லை. அடுத்தது என்னை எடுத்துக்கொள்வாளோ என்ற பயத்தில் கும்பிட்டேன்.

நர்சிங் படித்தபோது, ஒரு வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் வட்டம் ஒன்று வரைந்தார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் விதம். நெல்வயலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கு, நாரை, பன்றி, கடைசியில் மனிதப் பிள்ளை. அந்த வட்டத்துக்குள் எங்கள் ஊரே இருந்தது. வயல் இருந்தது, கொக்கு இருந்தது, தெருவுக்குப் பின்னால் திரிந்த பன்றிகள் இருந்தன. அம்மனோ, அம்மா மிதிக்காமல் விட்ட தீயோ அதில் எங்கேயும் இல்லை. நான் வகுப்பிலேயே அழுதேன். என் தம்பிக்கு வந்தது அந்த நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. யாரும் எங்களைத் தண்டிக்கவில்லை. 11 வயதிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு திரிந்த மூட்டை ஒன்று இறங்கியது. பலர் நாத்திகத்துக்குக் கோபத்தில் வந்ததாகச் சொல்வார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் வந்தது.

லீவில் ஊருக்குப் போனதும் அம்மாவிடம் அந்த வட்டத்தைத் தரையில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "கொசு கடிச்சுது. சரி. தெருவுல எத்தன புள்ளைவொ இருந்துச்சு. எம் புள்ளைய ஏன் கடிச்சுது?"

என்னிடம் பதில் இல்லை. பல வருடம் கழித்து, எவன்ஸ்-பிரிச்சர்ட் என்ற மானிடவியலாளரைப் பற்றிப் படித்தபோது அம்மாவின் குரல் திரும்பக் கேட்டது. 1920களின் கடைசியில் அவர் சூடானில் அசாண்டே மக்களோடு தங்கியிருந்தார். தானியக் குதிர் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தவர் நசுங்கினால், கறையான் அரித்துத்தான் குதிரின் கால் முறிந்தது என்பது அந்த மக்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்டதெல்லாம், அந்த ஆள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் சாய வேண்டும் என்பது. அதற்கு அவர்கள் சூனியத்தைக் காரணமாகச் சொன்னார்கள். என் அம்மா கேட்டதும் அதே கேள்வி. எப்படி நடந்தது என்பதற்கு நான் பதில் கொண்டுபோனேன். அவளுக்கு வேண்டியது, ஏன் தனக்கு நடந்தது என்பதற்கான பதில். "அதுக்குக் காரணமே இல்லம்மா" என்பதுதான் என்னிடம் இருந்த உண்மை. எனக்கு இளைப்பாறக் கிடைத்த அதே வார்த்தையில் அவளுக்குக் கால் ஊன்ற இடமில்லை. தெய்வம் எடுத்துக்கொண்டது என்றால் திரும்பக் கேட்கவாவது ஒரு ஆள் இருக்கிறது. கொசுவிடம் யார் போய்க் கேட்பது?

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நேரில் கேட்டது. 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை நாத்திகர் என்று பதிவு செய்தவர்கள் நாடு முழுதும் 33,304 பேர். உண்மையில் அதைவிடப் பல மடங்கு இருப்பார்கள் என்பது என் எண்ணம். வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவரிடம் அப்பாதான் பதில் சொல்வார்; எல்லாருக்கும் ஒரே மதத்தை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் என்னைப் போன்றவர்கள் சிறு கூட்டம்தான். அத்தனை பேரும் அறியாமையால் நம்புகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

ஒரு பெரியவர். மனைவி வென்டிலேட்டரில் இருந்தார், சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. அவர் தினமும் ஒரு மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டச் சொல்வார். மூன்றாம் நாள் நான் பொறுமையிழந்து, "ஐயா, கயிறெல்லாம் காப்பாத்தாது, மருந்துதான் காப்பாத்தும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டார். அன்று விடியற்காலை அந்த அம்மா இறந்தார். உடம்பை வாங்க வந்தபோது பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ சொன்னது சரிதாம்மா. கயிறு காப்பாத்தாது. ஆனா எனக்கு வேற என்னா செய்யத் தெரியும்?"

கதவுக்கு உள்ளே எனக்கு ஆயிரம் வேலை இருந்தது. மானிட்டர் பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், சளி உறிஞ்ச வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். 40 வருடம் கூட வாழ்ந்தவருக்குக் கதவுக்கு வெளியே ஒரு வேலையும் இல்லை. அந்தக் கயிறு ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த வேலை. அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

பிறகு கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். புறநோயாளிப் பிரிவில் சளிக்கும் சொறிக்கும் சீட்டு வாங்க நிற்கிறவர்கள் யாரும் வாசலில் எலுமிச்சம்பழம் உருட்டுவதில்லை. பிரசவ வார்டில் கொஞ்சம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கூடும். ஐசியூ வாசலில் நடக்க இடமிருக்காது. முதல் உலகப் போர்க் காலத்தில் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் கடலின் டிரோபிரியண்ட் தீவுகளில் இதே கணக்கைக் கண்டிருக்கிறார். அங்கே உப்பங்கழியில் மீன் பிடிக்கிறவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் அதற்கென்று ஒரு பெரிய சடங்கே உண்டு. கழியில் கைப்பழக்கம் போதும். கடலில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் திரும்பி வருவது நிச்சயமில்லை. இதைப் படித்துவிட்டு நம் நாகப்பட்டினம் கடற்கரையை நினைத்துக்கொண்டேன். நாகூர் தர்காவும், சிக்கல் முருகன் கோயிலும், வேளாங்கண்ணி மாதா கோயிலும் சில மைல் தூரத்துக்குள் அடுத்தடுத்து நிற்கும் பகுதி அது. இவர் கோயிலுக்கு அவர் போவதும் அங்கே சகஜம்.

ஆபத்து நீங்கினால் நம்பிக்கையும் நீங்கிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975இல். 1980இல் உலகத்திலேயே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அம்மைக்காகக் கும்பிட்ட மாரியம்மன் அதோடு போகவில்லை. சமயபுரத்தில் மாசி–பங்குனியில் அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். வழக்கமாக பக்தர்கள் சாமிக்காகப் பட்டினி கிடப்பார்கள். அங்கே பக்தர்களுக்காக அம்மன் கிடக்கிறாள். எங்கள் அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவாள். வாழ்நாள் பூராவும் மற்றவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்ற பெண் அவள். தனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்பது அவளுக்கு எத்தனை பெரிய விஷயம்! அந்த இடத்தில் வைக்க என் பாடப்புத்தகத்தில் ஒன்றுமே இல்லை.

பிரார்த்தனையால் நோய் குணமாகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. முடிவு 2006இல் வெளிவந்தது. தங்களுக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு குழுக்களில், ஜெபம் கிடைத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களில் 59 விழுக்காடு. நோயாளியின் உடம்பை ஜெபம் குணமாக்குவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெபம் நடப்பது கதவுக்கு வெளியே. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதை அந்த ஆய்வு கேட்கவில்லை.

அந்தப் பெரியவருக்குப் பிறகு எனக்கென்று சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். கூட வேலை பார்த்த இளம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். யாராவது கயிறு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன். நோயாளிக்கு நீர் கோத்துக் கை வீங்கினால் மணிக்கட்டில் கட்டிய கயிறு சதையை அறுத்துவிடும். அதனால் கட்டில் கம்பியில், தலைமாட்டில் கட்டுவேன். "கண்ணு முழிச்சா மொதல்ல இதத்தான் பாப்பாங்க" என்று சொல்வேன். விபூதியை நெற்றியில் லேசாக வைக்கலாம். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தவர்களுக்குத் தூள் எதுவும் கிட்டே வரக்கூடாது, அவர்களுக்குக் காலில். வேளாங்கண்ணித் தண்ணீரோ ஓதிய தண்ணீரோ வாயில் ஒரு சொட்டுக்கூட விட முடியாது என்றால், அதை ஏன் என்று விளக்கிவிட்டு, பஞ்சில் தொட்டு உள்ளங்காலில் தடவ அவர்கள் கையிலேயே கொடுப்பேன். ஒருத்தரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால்தான் சண்டை வரும்.

அதோடு வேறு வேலைகளும் கொடுக்கத் தொடங்கினேன். பார்வை நேரத்தில் உள்ளே வருகிறவர்களிடம் தேங்காய் எண்ணெய் கொடுத்துக் காலைப் பிடித்துவிடச் சொல்வேன். ஈரப்பஞ்சால் உதட்டை நனைக்கச் சொல்வேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டு விஷயம் பேசச் சொல்வேன். காலையும் மாலையும் டாக்டர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வீட்டில் படித்த பிள்ளை ஒன்றை அமர்த்துவேன். இதெல்லாம் செய்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் முகமே வேறாக இருந்தது. எலுமிச்சம்பழமும் தொடர்ந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. பாம்புக்கடிக்கு விட்டுக்கொடுத்தால் ஆள் போய்விடுவார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வருடத்துக்கு 58,000. நெல் அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் இது வாடிக்கை. கடித்ததும் முதலில் ஓடுவது மந்திரிக்கிறவரிடம். ஒரு ஊரில் அப்படி ஒருவரிடம் போய்விட்டுத் தாமதமாக வந்து இரண்டு பேர் இறந்தார்கள். நானும் அந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் அவர் வீட்டுக்கே போனோம். திட்டுவதற்குப் போகவில்லை. எங்கள் வார்டில் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை அவருக்குச் செய்து காட்டினோம். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு ஆட்டாமல் 20 நிமிடம் வைத்திருந்து சாய்த்தால், நல்ல ரத்தம் உறைந்து நிற்கும்; கண்ணாடி விரியன் விஷம் ஏறிய ரத்தம் தண்ணீராக ஓடும். அவர் சொந்த ரத்தத்தையே எடுத்து வைத்தோம். 20 நிமிடமும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மந்திரிக்கிறத நிறுத்த மாட்டேன்" என்றார். "நிறுத்த வேணாம்ண்ணே. மொதல்ல 108க்குப் போன் பண்ணுங்க, வண்டி வர்றதுக்குள்ள மந்திரிங்க, கூடவே ஏறி வாங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து வந்த கேஸ்கள் நேரத்துக்கு வந்தன. சில தடவை அவரே கூட வந்தார். அவர் வந்ததால்தான் வீட்டார் ஊசிக்குச் சம்மதித்தார்கள். ஊர் நம்பும் ஆளைத் தாண்டிப் போக முயன்றால் ஊரே நம்மைத் தாண்டிப் போய்விடும்.

மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் போய்த் தங்கும் தர்கா இருக்கிற ஏர்வாடியை நினைக்காமல் இதை எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். செய்தி வந்தபோது நான் ஆத்திரத்தில் கொதித்தேன். அந்த ஆத்திரத்தில் பாதிக்கு இன்றும் நியாயம் இருக்கிறது. வைத்தியம் இல்லாமல் மனிதனைச் சங்கிலியில் கட்டிப்போட எந்த நம்பிக்கைக்கும் உரிமை கிடையாது. மிச்சப் பாதி, அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே போயின என்று விசாரித்தபோது அடங்கியது. அண்ணன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு தர்காவில் மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்து ஒரு மாசம் கழிச்சு வான்னாங்க சிஸ்டர். அந்த ஒரு மாசம் நாங்க எங்க போறது? தெருவுல கல்லெடுத்து அடிச்சாங்க. தர்காவுல யாரும் ஒண்ணும் கேக்கல." மருத்துவமனை நோயாளியைப் பார்த்தது, தர்கா அந்தக் குடும்பத்தையே உட்காரவைத்தது. பின்னாளில் ஏர்வாடியிலேயே மனநல மருத்துவர்கள் போய் உட்கார்ந்து, துவாவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கும்படி செய்தார்கள். குஜராத்தில் ஒரு தர்காவில் முன்னரே நடந்த முயற்சி அது. நாத்திகர்களாகிய எங்களுக்கு அது பெரிய பாடம் என்றே நினைக்கிறேன்.

நம்பாதவர்களுக்கும் கூட்டம் வேண்டும், சடங்கு வேண்டும். என் கணவர் வீடு மூன்று தலைமுறையாகக் கருப்புச் சட்டை வீடு. பெரியார் இயக்கத்துக்காரர்கள் இதை எங்களுக்கு வெகு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். கடவுளை மற, மனிதனை நினை என்று சுவரில் எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. 1928இல் சுக்கிலநத்தத்தில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணத்திலிருந்து, புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்ய ஒரு முறையையே உண்டாக்கினார்கள். 1953இல் உயர் நீதிமன்றம் அந்த மாதிரித் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்போதும் விடாமல் செய்துகொண்டே இருந்தார்கள். 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்தவற்றுக்கும் சேர்த்துச் சட்டத் தகுதி கொடுத்தார்கள். 1999இல் எங்கள் கல்யாணம் அந்தப் பிரிவில்தான் நடந்தது. மாலை மாற்றிக்கொண்டு, கூடியிருந்தவர்கள் முன் இரண்டு வரி உறுதிமொழி சொன்னோம். அம்மா முன் வரிசையில் இறுகிய முகத்தோடு இருந்தாள். முடிந்ததும் நேராக எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய் எனக்காக ஒரு காசு முடிந்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை, அது அவளுடைய கல்யாணமும்தான்.

மாமனார் இறந்தபோது கருமாதி இல்லை, படத்திறப்பு நடத்தினோம். ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் தெரியாமல் அவர் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டிவந்தது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. மந்திரம் சொல்லிப் பிண்டம் வைக்கும் நாளில் இந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்திருக்காது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: மேடையில் பேசியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், பின்கட்டில் சமைத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அடுத்த படத்திறப்பில் அதைச் சண்டை போட்டு மாற்றினோம். புதிதாக நம்பிக்கையை விட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, தனியாக இருக்காதீர்கள் என்பதுதான். பிறந்தநாள், நினைவுநாள், வீடு குடிபோவது எல்லாவற்றையும் விட்டுத்தள்ளிவிட்டு வெறும் வாதத்தோடு நின்றால், கஷ்டம் வரும்போது கை பிடிக்க ஒரு ஆள் இருக்காது. டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் பத்தில் ஏழு பேர் இன்னும் தேவாலய உறுப்பினர்கள். கல்யாணமும் சாவும் வந்தால் நாலு பேர் கூட ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு இளைஞன், பைக் விபத்து. மூளைச்சாவு என்று சொல்வதற்கு 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பார்கள். அந்த 6 மணி நேரமும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், உடம்பு சூடாகத்தான் இருக்கும். பெற்றவர்களுக்கு அதை எப்படிப் புரியவைப்பது? தானம் பற்றி ஒருங்கிணைப்பாளர் பேசியபோது அப்பா சொன்னார்: "அறுத்துக் குடுத்தா அடுத்த ஜென்மத்துல குறையோட பொறந்துருவானே." மறுபிறவி கிடையாது என்று அந்த இடத்தில் நான் பேச முடியுமா? அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து அந்த அம்மாவே, "அவன் கண்ணு யாருக்காவது தெரியும்ல?" என்று கேட்டார். "தெரியும்மா" என்றேன். அது மருத்துவ உண்மை. அவர் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாரோ, நான் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். உடலை வெளியே கொண்டுபோகும்போது டாக்டர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். அதிகாரி ஒருவர் ஊருக்கே வந்து மலர்வளையம் வைத்தார். கடவுள் பேர் எதுவும் உச்சரிக்கப்படாத சடங்குதான் அது. அந்த அப்பா ஒவ்வொருத்தராகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

செத்த பிறகு ஒன்றுமில்லை என்று நினைக்கிறவளுக்கு இந்த வேலை பயமாக இல்லையா என்று கேட்பார்கள். இந்த மனிதருக்கு இருப்பது இந்த ஒரு வாழ்க்கைதான் என்று நினைக்கிறதால்தான் விடியற்காலை 4 மணிக்கும் ஓடினேன். மேலே போய்ச் சரியாகிவிடும் என்று விட்டுவிட எனக்கு மேலே ஒன்றுமில்லை. ஒரு நோயாளி இறந்துவிட்டால் நான் "சாமிகிட்ட போயிட்டாரு" என்று சொன்னதே இல்லை. எனக்கு உண்மையாகத் தெரிந்ததைச் சொல்வேன். கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருந்திருந்தால் இருந்தேன் என்பேன். வலி தெரியாமல் மருந்து கொடுத்திருந்தால் அதைச் சொல்வேன். இல்லாவிட்டால் அவர் பேரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த இடத்தில் பொய் தேவைப்பட்டதே இல்லை.

ஒரே ஒரு தடவை தேவைப்படும் போலிருந்தது.

2022இல் அம்மா படுத்தாள். பக்கவாதம் வந்து, பிறகு நெஞ்சில் சளி கட்டி. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள், வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் மாரியம்மன் விபூதி வைத்துவிடச் சொல்வாள், வைத்துவிடுவேன். வேப்பிலை மாற்றச் சொல்வாள், மாற்றுவேன். நான் கும்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும், அவள் கும்பிடுவதற்கு என் கை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குள் அதில் வழக்கு இல்லை. ஒரு ராத்திரி மூச்சு இரைக்க என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன்டி, நான் போனா தம்பியப் பாப்பேனா?"

என் வாயில் "பாப்பம்மா" என்று வந்துவிட்டது, தொண்டையில் நின்றது. இத்தனை வருடமாக எத்தனையோ பேருக்குப் பொய் சொல்லாமல் இருந்தவள் அம்மாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குள் அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கொசுப் பேச்சைத் தவிர, 38 வருடமாக அவனைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை.

"அவனப் பத்திச் சொல்லும்மா" என்றேன். "எனக்குப் பாதி மறந்து போச்சு."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்போது நிறுத்துவாள், நான் உதட்டை நனைப்பேன், திரும்பத் தொடங்குவாள். அவனுக்கு நண்டு என்றால் பயம். வயலுக்குச் சோறு கொண்டுவரும்போது வரப்பில் நடக்க மாட்டான், தூக்கிக்கொள்ளச் சொல்வான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேரைக் கேட்டால் என் பேரைச் சொல்வானாம். ட்ரவுசர் பையில் எப்போதும் புளியங்கொட்டை வைத்திருப்பான். அந்த மழை ராத்திரி பஸ்ஸில், காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த நேரத்தில், அம்மா மடியில் படுத்துக்கொண்டே அதை எடுத்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து எண்ணினானாம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு வந்ததில் அதைப் பார்க்கவில்லை.

"எத்தன இருந்துச்சும்மா?" என்றேன்.

"பதினேழு" என்றாள் அம்மா.